ராஜா இல்லாத நாவலும் அதன் இரண்டாம் பாகமும்

தம்பி,

“இந்தக் கதையில ராஜா யாருங்க?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நாவல் வெளியீட்டு விழா முடிந்து எல்லோரும் சாப்பிட எழுந்துகொண்டிருந்த நேரம். நெடுங்காட்டிலிருந்து வந்திருந்த விவசாயி, நல்ல மனிதர். புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அட்டையைப் பார்த்தபடியே கேட்டார். அட்டையில் குதிரை இருந்தது. குதிரை இருந்தால் பக்கத்தில் ராஜா இருக்கத்தானே வேண்டும்? “ராஜா கெடையாதுங்க. இது ராஜாக்கள்லாம் வர்றதுக்கு ரொம்ப முந்தி” என்றேன். “சோழருக்கும் முந்தியா?” என்றார். “அதுக்கும் முந்தி. நெல்லு வெதைக்கிறதுக்கே முந்தி” என்றேன். “நெல்லு இல்லன்னா அப்ப என்னத்தத்தான் தின்னாங்க?” என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் விழாவை நடத்திய நண்பர் ரஃபீக் பாய் வந்து, “சார், எலை போட்டாச்சு, வாங்க வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். அன்று முழுக்க என் நாவலைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் அவ்வளவுதான். திரும்பி வந்து தேடியபோது அந்த மனிதர் பஸ் ஏறிப் போயிருந்தார்.

நீயும் போன வெள்ளிக்கிழமை தோஹாவிலிருந்து அப்பாவிடம் பேசும்போது ஒரு கேள்வி கேட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் எழுதிய நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் ஒருவராவது இருக்கிறாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வரும், அதோடு முடிந்தது. அதனால் என் வலைப்பூவிலேயே எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன். அவர் பெயரும் வருகிறதே என்று ரஃபீக் பாயிடம் அனுமதி கேட்டேன். “தாராளமாப் போடுங்க சார். சண்டைன்னு நெனச்சாவது நாலு பேரு உள்ள வருவாங்க” என்றார்.

நாவல் எதைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் காரைக்கால் மண்ணில் கல் கிடையாது. தலத்தெருவில் நம் வீடு கட்டும்போது நீ பார்த்திருப்பாய், ஜல்லி முழுக்க மேற்கேயிருந்து லாரியில்தான் வந்து இறங்கியது. கடற்கரையில் தோண்டினால் மணல், வயலில் தோண்டினால் வண்டல். பள்ளியில் ஒவ்வொரு வருடமும் கற்காலம் நடத்துவேன். ‘கற்காலம்’ என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது எனக்கே ஒரு சந்தேகம் வரும். கல்லே இல்லாத ஊரில் கற்காலம் எப்படி இருந்திருக்கும்? அந்தச் சந்தேகத்தைத்தான் ஓய்வு பெற்ற பிறகு நாவலாக எழுதினேன். ஒரு சிறு கூட்டம் மேற்கேயிருந்து ஆற்றோடு நடந்து கடலை நோக்கி வருகிறது. கையில் கல் ஆயுதங்கள். கிழக்கே வரவர மீன் அதிகம், நண்டு அதிகம், பசி குறைவு. ஆனால் கல் குறைந்துகொண்டே வருகிறது. உடைந்தால் மாற்று இல்லை. தீட்டத் தீட்டச் சிறுத்துப் போகிறது. திரும்பிப் போக நினைக்கும்போது வெள்ளம் வந்து வழியே மாறிவிடுகிறது. ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் நகத்தளவு கல் ஒன்றும் அதை வைத்திருக்கும் பெண் ஒருத்தியும்தான் மிச்சம். கடைசிப் பக்கத்தில் அவளும் இல்லை. இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. சிப்பியைத் தீட்டிக்கொண்டு பிழைத்தும் இருக்கலாம். என் கதையில் பிழைக்கவில்லை, ஒருவர்கூட.

நெல் விளையும் ஊரில் பிறந்தவனுக்கு இதை எழுதுவது எத்தனை சிரமம் என்பதற்கு ஓர் உதாரணம். ‘அவள் மனதில் பயம் முளைத்தது’ என்று எழுதினேன். சரி, காட்டிலும் செடி முளைக்கும். அடுத்த வரியிலேயே ‘அந்தப் பயத்தை விதைத்தவன் அவன்தான்’ என்று வந்துவிட்டது. விதைக்கவே தெரியாதவர்களின் கதையில் எதை விதைப்பது? அடித்தேன். ‘நூல் பிடித்தாற்போல் வரிசையாக நடந்தார்கள்’ என்று எழுதினேன். நூல் ஏது? அடித்தேன். ஓரிடத்தில் ‘சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்கள்’ என்று கை தானாக எழுதிவிட்டது. உன் அம்மாதான் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “தண்ணிய மட்டும் வச்சுக்குங்க” என்றாள். இப்படி அடித்து அடித்தே பல வருடம் ஓடிவிட்டது. நீ விடுமுறையில் வரும்போதெல்லாம் “இன்னுமா முடியல?” என்பாய். கிண்டலாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்பாய்.

வலைப்பூ நண்பர்கள் இல்லாவிட்டால் அது கணினியிலேயே கிடந்திருக்கும். அந்த வலைப்பூவை எனக்குத் திறந்து கொடுத்தவனே நீதான். அதன் வழியாகக் கிடைத்தவர்கள் இவர்கள். கோட்டுச்சேரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய் பயணக் கட்டுரை எழுதுகிறவர். கும்பகோணத்து கிரிஜா மேடம் சமையல் எழுதுகிறவர். திருப்பூர், மதுரை என்று இன்னும் சிலர், பாரிஸில்கூட ஒருவர். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, அதற்கு மொய் என்று நாங்களே பெயர் வைத்திருக்கிறோம். என் பதிவுக்கு நீங்கள் வந்து பின்னூட்டம் எழுதினால் உங்கள் பதிவுக்கு நான் வந்து எழுத வேண்டும். கல்யாண மொய் போலத்தான், திருப்பி வைக்காவிட்டால் முகம் கோணும். ‘அருமை.’ ‘சிறப்பு ஐயா.’ ‘தொடருங்கள்.’ நானும் வைத்திருக்கிறேன். கிரிஜா மேடத்தின் சுரைக்காய் அடைக்கு ‘மிக அருமை’ என்று எழுதியவன் நான். நம் வீட்டில் சுரைக்காய் நுழைந்ததே இல்லை. இதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பஸ்ஸில் தெரிந்தவரைப் பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா’ என்கிறோம். பதிலுக்காகவா கேட்கிறோம்?

நாவல் முடிந்துவிட்டது என்று ஒரு பதிவு போட்டேன். அன்றே ரஃபீக் பாய் வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கிவிட்டார். மதுரைக்காரர் அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்தார். திருப்பூர் இளைஞர் ஒருவர் அட்டை வரைந்தார். முதலில் வந்த படத்தில் குதிரை மேல் மீசைக்காரன் ஒருவன் வாளோடு உட்கார்ந்திருந்தான். “தம்பி, அப்ப இரும்பே கெடையாதே” என்றேன். மறுநாள் வாளை எடுத்துவிட்டு ஈட்டி கொடுத்திருந்தார். “குதிரையும் கெடையாது” என்றேன். “சார், குதிரைய எடுத்தா அட்டை வெறிச்சுனு ஆயிடும் சார். தூரத்துல நிக்கிற மாதிரி வச்சுக்குவோம், காட்டுக் குதிரைன்னு நெனச்சுக்கட்டும்” என்றார். பனியன் கம்பெனி வேலை முடித்து வந்து உட்கார்ந்து, சும்மா வரைந்து தருகிற பிள்ளை. அவரிடம் எத்தனை தடவைதான் இல்லை இல்லை என்பது? விட்டுவிட்டேன். தூரத்தில் நிற்கப்போவதாகச் சொன்ன குதிரை அச்சில் பக்கத்தில் வந்துவிட்டது. மீசையும் அப்படியே இருந்தது.

விழாவுக்கு முந்தைய வாரம் ஆளுக்கொரு நாளாகத் தங்கள் வலைப்பூவில் என் நாவலுக்கு விமர்சனம் எழுதினார்கள். இதுவும் ரஃபீக் பாயின் ஏற்பாடுதான். திங்கட்கிழமை கிரிஜா மேடம். நன்றாகவே எழுதியிருந்தார். கடைசி வரி மட்டும், ‘இரண்டாம் பாகத்துக்கு ஆவலுடன் காத்திருக்கிறேன்.’ எனக்குச் சுருக்கென்றது. எல்லோரும் செத்துப்போன கதைக்கு ஏது இரண்டாம் பாகம்? வேறொரு கூட்டத்தைப் பற்றி எழுதச் சொல்கிறார் போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை மதுரைக்காரர், ‘இரண்டாம் பாகம் எப்போது ஐயா?’ என்று முடித்திருந்தார். அடுத்த நாள் ரஃபீக் பாய், அதே வரி. வார இறுதியில் பாரிஸ் நண்பர் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டாம் பாகத்தில் இளவரசியின் கதி என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டிருந்தார். தம்பி, என் நாவலில் இளவரசி கிடையாது. உடை உடுத்தியவர்களே கிடையாது. அட்டையில் மீசைக்காரனைப் பார்த்தவர் உள்ளே அவனுக்கு ஒரு ஜோடி இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

விழா குறைவில்லாமல் நடந்தது. காரைக்காலில் விழா என்றதும் வெளியூர் நண்பர்கள் சிலருக்குக் கூடுதல் உற்சாகம், ஏனென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் வாழ்த்துரைக்கு நடுவிலேயே மதுக்கடைப் பக்கம் காணாமல் போனார்கள். ரஃபீக் பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்து தானே நாற்காலி இழுத்துப் போட்டார், தானே மைக்கையும் பிடித்தார். முடிக்கும்போது, “அடுத்த வருசம் இதே மண்டபத்துல சாரோட ரெண்டாம் பாகம்! சார் தப்பிக்க முடியாது, மண்டபத்துக்குச் சொல்லியாச்சு!” என்றார். கைதட்டல் எழுந்தது. எழுந்து நின்று எல்லோரையும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது, சொல்? மேடையில் நின்று, ‘நண்பர்களே, யாருமே படிக்கவில்லை போலிருக்கிறதே’ என்று கேட்க முடியுமா?

சில வாரம் கழித்து ரஃபீக் பாய் வீட்டுக்கு வந்தார். டீ குடித்துக்கொண்டே, “ரெண்டாம் பாகம் எந்த அளவுல இருக்கு சார்?” என்றார்.

“பாய், கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?” என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நெசத்தச் சொல்லிடவா சார்? கடையில நின்னுகிட்டே படிச்சேன். எல்லாரும் ஆத்துல எறங்குறாங்கல்ல, அதுவரைக்கும். அதுக்கப்புறம் எடுக்கவே முடியல.”

“அப்ப விமர்சனம்?”

“கிரிஜா மேடம் எழுதுனதப் பார்த்து எழுதுனேன்.”

“மேடம் எதப் பார்த்து எழுதுனாங்க?”

“உங்க முன்னுரையப் பார்த்துன்னு நெனக்கிறேன்.”

“பாய், கடைசியில எல்லாரும் செத்துப்போறாங்க.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான்.”

“யா அல்லா! என்ன சார் நீங்க, ஒரு கொழந்தய மட்டுமாவது வுட்டு வச்சிருக்கக் கூடாதா? மண்டபம் வேற சொல்லிப்புட்டேனே!”

இருவரும் சிரித்த சிரிப்பில் உன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். சிரித்து முடித்த பிறகு அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “மனசுல வச்சுக்காதீங்க சார். இன்னமும் படிக்கலாம்ல” என்றார். படிக்கலாம் என்றேன். படிக்கமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. எனக்காக அவ்வளவு ஓடியாடியவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது? அவர் என்னிடம் வைத்திருக்கும் அன்பு உண்மை. படிக்காததும் உண்மை.

அதற்குப் பிறகுதான் உன் அழைப்பு வந்தது. எதிர்வீட்டுப் பையனிடம் முறுக்கோடு புத்தகத்தையும் கொடுத்தனுப்பி மாதக்கணக்கு ஆகிறது. முறுக்கு நன்றாக இருந்தது என்று அப்போதே சொன்னாய். போன வெள்ளிக்கிழமை, “ரெண்டாம் பாகம் எழுதிட்டீங்களாப்பா? எங்கப்பா சோழர் கதை எழுதுறாருன்னு ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்” என்றாய். எத்தனை சந்தோஷமாகச் சொன்னாய்! “ஆவட்டும்பா” என்றேன். உன்னைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. கைப்பேசியை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அவன் படிக்கல” என்றேன். “அவன் மேல என்ன கோவம்? நானே முழுசாப் படிக்கலியே” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

“நீயுமா?”

“ஆத்துல எறங்குற எடத்துல வுட்டுட்டேங்க. ஒரே நேரத்துல அத்தன பேரும் எறங்குறாங்க. ஒருத்தன் பேரு செம்பாறை, ஒருத்தன் பேரு கரும்பாறை, ஒருத்தி பேரு வெண்பாறை. யாரு முங்குறா, யாரு கரையேறுறான்னு ஒண்ணும் புரியல. ஜல்லி லோடு வந்து கொட்டுன மாதிரி இருந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படி இருக்குன்னு கேட்டீங்க. நல்லா இருக்குன்னேன். எங்க நிறுத்துனேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

தம்பி, இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் ‘புரியுதா?’ என்று கேட்டால் ‘புரியுது சார்’ என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்லும். அந்தப் பதிலை எந்த ஆசிரியரும் நம்பமாட்டார். கணக்கைப் போடச் சொல்லிவிட்டு, பென்சில் எந்த வரியில் நிற்கிறது என்று சுற்றி வந்து பார்ப்போம். நாலைந்து பென்சில் ஒரே வரியில் நின்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை, நடத்தியவனிடம். அன்று மாலையே அந்த அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். ரஃபீக் பாய் நின்ற இடமும் உன் அம்மா நின்ற இடமும் ஒன்று. அவள் சொன்னது அத்தனையும் சரி. அந்தக் கூட்டத்தோடு நான் வருடக்கணக்காக வாழ்ந்திருந்தேன். இருட்டில் இருமினால்கூட யாரென்று எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. எல்லோரையும் ஒரே பத்தியில் ஆற்றில் இறக்கிவிட்டிருக்கிறேன். மொய் வைத்தவர்களில் யாராவது ஒருவர் அச்சுக்குப் போகும் முன்பு ‘சார், இந்த ஆற்றோடு நான் திரும்பிவிட்டேன்’ என்று சொல்லியிருந்தால், ஒரே நாளில் சரிசெய்திருப்பேன்.

நீ அங்கே உனக்குக் கீழே நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறாய். அவர்களிடம் ‘எல்லாம் சரியா?’ என்று கேட்காதே. சரி என்றுதான் சொல்வார்கள், உன்மேல் உள்ள மரியாதைக்காகவே சொல்வார்கள். எங்கே நிற்கிறது என்று கேள். நானும் வாரம் தவறாமல் உன்னிடம் ‘எப்படிப்பா இருக்கே?’ என்று கேட்கிறேன். ‘நல்லா இருக்கேன்பா’ என்கிறாய். அதோடு நீ அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய், நானும் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறேன். அங்கே உனக்கு எது நின்றுபோயிருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் நீ சொல்வாயா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

இனி இந்தப் புத்தகத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அச்சான ஆற்றைத் திருத்த முடியாது. மறுபதிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் பதிப்பே கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கடல்காற்று ஈரத்தில் அட்டை விளிம்பெல்லாம் சுருள ஆரம்பித்துவிட்டது, குதிரைக்கு ஒரு பக்கக் காது மடங்கிவிட்டது. இரண்டாம் பாகம் கிடையாது. மண்டபத்தை ரஃபீக் பாய் தன் பயணக் கட்டுரைகளுக்கு எடுத்துக்கொள்ளட்டும், நான் போய் நாற்காலி போடுகிறேன். இன்னொரு நாவல் எழுத எனக்குக் கண்ணும் இல்லை, காலமும் இல்லை. நண்பர்களின் வலைப்பூக்களும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன. சிலர் எழுதுவதை விட்டுவிட்டார்கள், சிலர் உலகத்தையே விட்டுப் போய்விட்டார்கள். அவர்களின் கடைசிப் பதிவுக்குக் கீழே என்னுடைய ‘அருமை’ இன்னும் இருக்கிறது. யாராவது என் கடைசிப் பக்கம் வரை வந்து அந்தப் பெண்ணைப் பார்ப்பார்கள் என்ற நினைப்பையும் விட்டுவிட்டேன். அவள் தனியாகப் போனதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். என்னோடு அதுவும் போகும்.

ஆனால் எங்கே தவறவிட்டேன் என்று தெரியாமல் போவதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது. இரண்டு பேர் நின்ற இடம் தெரிந்துவிட்டது. மூன்றாவதாக ஒருவர் அந்த ஆற்றுக்கு முன்பே நிற்கிறாரா, அதே இடத்தில் நிற்கிறாரா, இல்லை எப்படியோ கடந்துவிடுகிறாரா என்று மட்டும் தெரிந்தால் போதும். திருத்துவதற்கு இல்லை, தெரிந்துகொள்வதற்கு. அதனால் உன்னை முழுக்கப் படி என்று சொல்லவில்லை. எப்படி இருக்கிறது என்று எழுதவும் வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படி. எந்த இடத்தில் அலுத்துப்போய் உன் கை தானாக மூடுகிறதோ, அந்தப் பக்கத்தின் எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு.